வெற்றிடத்தை எண்ணிப் பார்த்தவர்கள்

2019 ஆகஸ்டில் அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அக்கா இருப்பது பிரான்சில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே உள்ள கிரெனோபில் ஊரில். அங்கே பாஸ்தீய் என்று ஒரு மலைக்கோட்டை உண்டு. உருண்டையான கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தால் கம்பிவழியே ஆற்றைக் கடந்து மேலே கொண்டுபோய் விடும். எனக்கு முழங்கால் வலி, அதனால் ஏறுவதற்குக் கூண்டு, இறங்குவதற்கும் கூண்டுதான். மேலிருந்து பார்த்தால் இசேர், திராக் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடம் தெரிகிறது. அந்தக் கூடுமுனையில் ஒரு பிரம்மாண்டமான வளையக் கட்டடம், யாரோ மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல்.

"அதுதான் மாமா சிங்க்ரோட்ரான். இப்போ ஓடலை. பழைய வளையத்தைக் கழற்றிட்டுப் புதுசு போடறாங்க" என்றான் அக்கா மகன். அவன் அந்த ஊரில் மின்னணுச் சில்லு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வெற்றிடப் பம்புகளைப் பராமரிப்பவன். அதனால் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான்.

அந்த வளையத்துக்குள் 844 மீட்டர் சுற்றளவுக்கு ஒரு குழாய். குழாய்க்குள் எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் சுற்றுகின்றன, வினாடிக்கு மூன்றரை லட்சம் சுற்று. காந்தங்கள் அவற்றை வளைக்கும்போது மிகக் கூர்மையான எக்ஸ் கதிர் வெளியே தெறிக்கிறது. அந்த ஒளியை வைத்துக்கொண்டு புரதம், பாறை, பழைய ஓவியத்தின் சாயம் என்று எதையெதையோ ஆராய்கிறார்கள். பத்து மணி நேரம் சுற்றும் எலெக்ட்ரான் கடக்கும் தூரம் சுமார் 1,080 கோடி கிலோமீட்டர். சூரியனிலிருந்து நெப்டியூன் வரை போய்த் திரும்பினாலும் தூரம் மிச்சமிருக்கும். இத்தனை தூரத்துக்கும் வழியில் காற்றின் மூலக்கூறு எதிலும் மோதித் தொலைந்துவிடக் கூடாது. ஆகவே குழாய் காலியாக இருக்க வேண்டும்.

எவ்வளவு காலி என்றால், நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து ஒரு குழாயின் படத்தைக் காட்டினான். நீளமும் விட்டமும் சமமான குட்டைக் குழாய், இரண்டு பக்கமும் திறப்பு. "மாமா, இந்தப் பக்கமா நூறு மூலக்கூறு உள்ளே போனா அந்தப் பக்கமா எத்தனை வெளியே வரும்?" குழாயில் அடைப்பில்லை, வளைவில்லை. நான் தொண்ணூறு என்றேன். அவன் ஒரு பொத்தானை அழுத்தினான். திரையில் பச்சைக் கோடுகள் சுவருக்குச் சுவர் மோதிக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தன. ஓரத்தில் ஓடிய எண் கொஞ்சம் தள்ளாடி 0.514இல் நின்றது. நூற்றுக்கு ஐம்பத்தொன்று. மீதி நாற்பத்தொன்பதும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டன.

நாற்பது வருடம் கணக்கு எழுதியவனுக்குக் கணக்கு இவ்வளவு தவறியது உறுத்தியது. ஊர் திரும்பியபின் தேடிப் படித்ததில் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வெற்றிடம் என்றாலே பஸ்கால்தான். 1643 வாக்கில் இத்தாலியில் தொரிசெல்லியின் பாதரசக் குழாய். பாதரசத்துக்கு மேலே இருப்பது வெறுமையா, இல்லையா என்று பெரிய சர்ச்சை. 1648 செப்டம்பர் 19ஆம் தேதி பஸ்காலின் மைத்துனர் பெரியே, குழாயைத் தூக்கிக்கொண்டு புய் த தோம் மலையேறினார். பாதரசம் 8 சென்டிமீட்டர் அளவு இறங்கியது. நாங்கள் இதைக் குறுவால் தேசிய வரலாறுபோல் ஒப்பித்திருக்கிறோம். எங்கள் ஆசிரியர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் குழாயின் உச்சியில் இருந்தது வெறுமை அல்ல. பாதரச ஆவி இருந்தது. கிரெனோபில் வளையத்தின் குழாய் அதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் காலி.

அப்படியும் அது முழுக்கக் காலி இல்லை. ஒரு கன சென்டிமீட்டரில், அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில், இன்னும் இரண்டரைக் கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆனால் அவை ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஒரு மூலக்கூறு இன்னொன்றின்மேல் மோத வேண்டுமானால் சராசரியாக 66 கிலோமீட்டர் போக வேண்டும். புதுச்சேரியிலிருந்து கிளம்பிச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தால்தான் பக்கத்து மனிதர் முகத்தைப் பார்க்கலாம் என்பதுபோல. குழாயோ சில சென்டிமீட்டர் அகலம். ஆகவே மூலக்கூறுக்குத் தெரிந்த உலகமெல்லாம் சுவர்தான். சுவரில் மோதும், கணநேரம் ஒட்டும், பிறகு வேறு திசையில் கிளம்பும்.

அது எந்தத் திசை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோபன்ஹேகனில் மார்ட்டின் க்னூட்சென் 1909இல் இதற்கு அடிப்படை போட்டார். சுவரில் மோதிய மூலக்கூறு தான் எங்கிருந்து வந்தோம் என்பதை அடியோடு மறந்துவிடுகிறது. பந்து சுவரில் பட்டுத் திரும்பும் கோணக் கணக்கெல்லாம் இதற்கில்லை. சுவருக்கு நேர் எதிரே கிளம்பும் வாய்ப்பு அதிகம், சுவரை ஒட்டிக் கிளம்பும் வாய்ப்பு குறைவு. மற்றபடி எந்தத் திசையும் சாத்தியம். ஆகவே முன்னே போய்க்கொண்டிருந்தது முதல் மோதலிலேயே பின்னே திரும்பிவிடலாம். என் தொண்ணூறு பொய்த்தது இதனால்தான். நான் குழாயைத் தண்ணீர்க் குழாயாக நினைத்துவிட்டேன். தண்ணீரைப் பின்னாலிருந்து தண்ணீர் தள்ளும். இங்கே தள்ள ஆளில்லை.

க்னூட்சென் தந்த சூத்திரம் மிக நீண்ட குழாய்களுக்குப் பொருந்தியது. குட்டைக் குழாய்க்குச் சரியான கணக்கை 1932இல் வெளியிட்டவர் ஹாலந்தில் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளௌசிங். நீளம் விட்டத்துக்குச் சமமானால் நூற்றுக்கு 51, ஐந்து மடங்கானால் 19, பத்து மடங்கானால் 11. எல்லாம் பேனாவும் தாளுமாகப் போட்ட கணக்கு! என்னைத் தோற்கடித்த 0.514 கிளௌசிங்கின் அட்டவணையில் என் பிறப்புக்கு முன்பே இருந்திருக்கிறது.

ஆனால் நேரான குழாயைத் தாண்டினால் பேனா நின்றுவிடும். குழாயை முழங்கைபோல் மடக்குங்கள், நடுவில் ஒரு தட்டை வையுங்கள், ஒரு பக்கம் சரிவாகச் சீவுங்கள்; சூத்திரம் கிடையாது. நிஜ இயந்திரங்களில் நேரான குழாய் எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் கதை வேறு ஊருக்குப் போகிறது. அதன் வேர் எனக்குப் பள்ளியிலேயே தெரிந்தது என்பதில் ஒரு சின்னப் பெருமை. எங்கள் கணக்கு முசியே ஒருநாள் ஒரு தீப்பெட்டியோடு வகுப்புக்கு வந்தார். பெரிய தாளில் தீக்குச்சி நீள இடைவெளி விட்டுக் கோடுகள் போட்டார். குச்சியை உயரத்திலிருந்து போடச் சொல்லி, அது கோட்டைத் தொடுகிறதா என்று மட்டும் எழுதச் சொன்னார். நூறு தடவை போட்டதில் அறுபத்திரண்டு தடவை தொட்டது. இருநூறை அறுபத்திரண்டால் வகுக்கச் சொன்னார், 3.23 வந்தது. "இதோ, பை!" என்றார். வட்டமே இல்லாத இடத்தில் பை எப்படி வந்தது என்று நாங்கள் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தோம். இது பியூஃபோன் பிரபு 1777இல் அச்சில் தந்த கணக்கு. சூத்திரம் போட முடியாததை வீசிப் பார்த்து எண்ணலாம் என்பது அதற்குள் ஒளிந்திருந்த வித்தை.

அந்த வித்தைக்குக் கணினியைக் கட்டியவர்கள் அமெரிக்காவின் லாஸ் அலமோசில் இருந்தவர்கள். 1946இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித அறிஞர் நோயிலிருந்து தேறி வரும்போது தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டம் முழுதாகக் கூடிவர என்ன வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார், முடியவில்லை. நூறு ஆட்டம் ஆடி எண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. அதை ஃபான் நாய்மனிடம் சொன்னார். அணுகுண்டுக்குள் நியூட்ரான் அலையும் வழியை அப்படித்தான் கணினியில் எண்ணினார்கள். சூதாட்ட ஊரின் பெயரை வைத்து அதற்கு மோன்ட்டே கார்லோ முறை என்று பெயர். உலாமின் மாமா ஒருவர் மோன்ட்டே கார்லோ போக உறவினர்களிடம் கடன் வாங்குவாராம். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒரு மாமா இருக்கிறார்.

நியூட்ரானுக்குச் செய்ததைக் குழாயில் அலையும் மூலக்கூறுக்கும் செய்யலாமே? 1960இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிஸ் அதைச் செய்தார். முழங்கைக் குழாயைக் கணினியில் வரைந்து, மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பி, சுவரில் படும்போதெல்லாம் சீட்டுப் போட்டுத் திசை தேர்ந்து, எத்தனை மறுபுறம் வந்தன என்று எண்ணினார். மடக்கிய குழாயும் அதே நீளமுள்ள நேர்க்குழாயும் ஏறத்தாழ ஒரே அளவுதான் கடத்தின. யோசித்தால் நியாயம்தான். எங்கிருந்து வந்தோம் என்பதையே மறந்துவிடும் பேர்வழிக்கு வளைவு எது, நேர் எது?

அதே காலத்தில்தான் எலெக்ட்ரான் வளையங்கள் பிறக்கின்றன. ரோம் அருகே ஃபிராஸ்காட்டியில் புருனோ தூஷெக்கும் நண்பர்களும் 1961இல் அடா என்ற சின்ன வளையத்தைச் செய்தார்கள். 1962இல் அதை லாரியில் ஏற்றிப் பாரிசுக்கு அருகே ஓர்சே என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். குழாய்க்குள் அரும்பாடுபட்டு உண்டாக்கிய வெற்றிடம் கெட்டுவிடக் கூடாதே என்று, வழியெல்லாம் பம்புகளை மின்கலத்தில் ஓட்டியபடியே எல்லையைத் தாண்டினார்கள். ஒன்றுமில்லாததை இவ்வளவு பத்திரமாக லாரியில் ஏற்றிக் கொண்டுபோனது அதுவே முதல் தடவையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வளையங்கள் பெரிதானதும் புது வில்லங்கம் ஒன்று கிளம்பியது. 1965இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிஷர், மேக் என்ற இருவர் அதை எழுத்தில் வைத்தார்கள். எந்த ஒளிக்காக எலெக்ட்ரான்களைச் சுற்றவிடுகிறோமோ, அந்த ஒளியே குழாயின் சுவரில் பட்டு, உலோகத்தில் ஒட்டியிருக்கும் வாயுவைப் பெயர்த்து உள்ளே தள்ளுகிறது. வீட்டைக் கூட்ட வந்த துடைப்பமே குப்பை உதிர்ப்பதுபோல. நாள்கணக்கில், மாதக்கணக்கில் ஒளி பட்டுப் பட்டுச் சுவர் சுத்தமாகும். அதுவரை பம்பு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனவே பம்பை எங்கே வைப்பது என்பதற்கு முன், ஒளி எங்கே எவ்வளவு படும், அங்கே பெயரும் வாயு எந்தப் பக்கம் அலையும் என்று தெரிந்தாக வேண்டும். வளையத்தைக் கட்டிவிட்டுத் தெரிந்துகொண்டு பயனில்லை.

இத்தாலியின் திரியெஸ்த்தேயில் எலெத்ரா என்ற ஒளி வளையம் வரைபடத்தில் இருந்த காலம். அங்கே பணியாற்றிய ரொபெர்த்தோ கெர்செவான் ஒரு கணினி நிரலை எழுதினார். பெயர் மோல்ஃப்ளோ. அதன் கையேட்டின் தேதி 1991. அந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் தட்டச்சுப் பொறிக்குக் கார்பன் தாள் கேட்டு நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். மோல்ஃப்ளோவில் குழாயின் வடிவத்தைச் சின்னச் சின்னத் தட்டைப் பரப்புகளாக வரைய வேண்டும். ஒவ்வொரு பரப்புக்கும் எவ்வளவு வாயு விடும், எவ்வளவு உறிஞ்சும் என்று எண் தர வேண்டும். பிறகு டேவிஸ் செய்த அதே அலைச்சல். க்னூட்சென் சொன்ன அதே மறதி. இதற்குத் துணையாக சின்ராட் என்ற இன்னொரு நிரல், ஒளி எந்தச் சுவரில் எவ்வளவு விழுகிறது என்று கணக்கிடும். ஒன்றின் விடையை மற்றதற்கு ஊட்டினால் வளையம் முழுதும் அழுத்தம் எப்படி இருக்கும் என்று தாமிரம் வெட்டுமுன்பே தெரியும்.

கெர்செவான் பிறகு கிரெனோபில் வளையத்துக்கே வந்தார். அங்கே ஜான் லுக் போன்ஸ் என்பவரோடு சேர்ந்து நிரலைப் புதிதாக்கி 2009இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், கணக்கின் பாரத்தை வீடியோ கேமுக்கென்று செய்த வரைகலை அட்டைமேல் ஏற்றிப் பார்த்தது. சுவரில் கோடு எங்கே மோதும் என்று கண்டுபிடிப்பதுதானே விளையாட்டுப் படத்துக்கும் வேலை! இன்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் அந்த நிரலைப் பேணி இலவசமாகத் தருகிறது. என் மருமகன் கணினிக்கு வந்தது அப்படித்தான்.

இந்தக் கணக்கு உண்மையிலேயே உரசிப் பார்க்கப்பட்டது சுவீடனின் லுண்ட் நகரில் என்பது என் எண்ணம். அங்கே மேக்ஸ் ஃபோர் என்ற வளையம், சுற்றளவு 528 மீட்டர். ஒளியை இன்னும் கூர்மையாக்கக் காந்தங்களை எலெக்ட்ரான் கற்றைக்கு மிக அருகே கொண்டுவர வேண்டும். அதற்காகக் குழாயின் உள்விட்டத்தை 22 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள், நம் கட்டைவிரல் தடிமன். நீண்ட குழாயில் விட்டம் பாதியானால் வாயு கடக்கும் அளவு பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். அவ்வளவு ஒடுக்கமான குழாயில் எங்கோ ஒரு பம்பை வைத்தால் நடுவில் இருக்கும் மூலக்கூறு அங்கே வந்துசேர்வதற்குள் பொழுது விடிந்துவிடும். காந்தங்களுக்கு இடையே அதிகப் பம்பு வைக்கவோ இடமில்லை.

அவர்கள் நம்பியது சுவரையே. செர்னில் பென்வெனூட்டியின் குழு, டைட்டானியம், சிர்கோனியம், வனேடியம் மூன்றும் கலந்த ஒரு மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்திருந்தது. தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. வெற்றிடத்தில் 200 டிகிரி வரை சூடாக்கினால் பூச்சு விழித்துக்கொண்டு, தன்மேல் மோதும் மூலக்கூறைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழாயே பம்பாகிவிடும். இந்தப் பூச்சு வேறு இடங்களில் குறிப்பிட்ட பகுதிகளில் ஓடியிருக்கிறது, கிரெனோபிலிலும் ஓடியது. ஆனால் ஏறக்குறைய வளையம் முழுவதையும் அதன்மேல் நிறுத்துவது வேறு துணிச்சல். காந்தத்துக்குள் வைத்துச் சூடாக்க இடமில்லாததால், குழாயை மேலே தூக்கி அடுப்பில் சூடேற்றி, அப்படியே காந்தத்தின் கீழ்ப்பாதிமேல் இறக்கி, மேல்பாதியை மூடினார்கள். பூசாமல் விட்ட சிறுபகுதிகளில் ஒளி பட்டால் என்ன ஆகும்? ஒரு மூலையில் வாயு தேங்கினால்? மூடியபின் அதைத் திருத்த வேண்டுமானால் காந்தங்களை மறுபடி பிளக்க வேண்டும்.

அதற்குச் சின்ராடும் மோல்ஃப்ளோவும் கணக்குப் போட்டன. 2014இல் அதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். 2016 ஜூன் 21, வருடத்தின் நீண்ட பகல், அன்று வளையத்தைத் திறந்து வைத்தார்கள். தேதியைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். வளையம் ஓடியது, ஒளி படப் படச் சுவர் சுத்தமாகி அழுத்தம் இறங்கியது. பிரேசிலின் சிரியுஸ் வளையமும் பின்னர் அதே பூச்சு வழியில் வந்தது. நான் மலைமேலிருந்து பார்த்த கிரெனோபில் வளையம் 2020 ஆகஸ்டில் புதுக் குழாயோடு ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்தது. அப்போது நாமெல்லாம் கொரோனாவுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம்.

இதையெல்லாம் படிக்கும்போது கணினியை வியந்து எழுதத்தான் கை போகிறது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேறொன்றும் தெரியும். பதிவேட்டில் முதல் எண்ணைத் தப்பாக ஏற்றினால், கூட்டல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கடைசி வரி தப்புதான். தாமிரத்தில் ஓர் ஒளித்துகள் பட்டால் எத்தனை மூலக்கூறு பெயரும், புதுச் சுவரில் எவ்வளவு, ஒரு மாதம் ஓடிய சுவரில் எவ்வளவு, பூச்சின்மேல் மோதும் கார்பன் மோனாக்சைடில் எத்தனை ஒட்டும் என்பதையெல்லாம் எந்த நிரலும் தானாகச் சொல்லாது. பல ஊர் ஆய்வுக்கூடங்களில் யாரோ வருடக்கணக்கில் ஒரு குழாய்த் துண்டை ஒளியில் காட்டி, அழுத்தமானியைப் பார்த்துப் பார்த்து எழுதிய எண்கள் அவை. நான் படித்தவரையில் அவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. மருமகனிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். "ஆமா மாமா, எங்க தொழிற்சாலையிலயும் அந்த அட்டவணை தப்பாயிருந்தாதான் தொல்லை" என்றான்.

போன வாரம் மழை. நடை போக முடியவில்லை. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, எங்கள் கூடத்துத் தரை ஓட்டின் இடைவெளி அளவுக்கு நறுக்கி, போட்டுப் போட்டு எண்ணினேன். நானூறு தடவைக்கு 251 தடவை கோட்டைத் தொட்டது. எண்ணூறை 251ஆல் வகுத்தால் 3.19. பள்ளியில் வந்ததைவிடக் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது. ஆயிரம் வரை போகலாம் என்றிருந்தேன். துடைப்பத்தைப் பிரித்தது யார் என்ற கேள்வி சமையலறையிலிருந்து வந்தது, அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.